மூடிய பெட்டியும் தேர்ந்த தெளிவும்

கண்ணுக்குப் புலப்படாத பொருளை எவ்வாறு அறிவது என்பது தமிழ் நூலோர் நெடுங்காலம் ஆராய்ந்த வினா. மணிமேகலை அதற்கென இரண்டு காதைகளை ஒதுக்கியது. சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியார் அளவை இயலை முன்வைத்தே தன் பொருளைத் தொடங்கியது. அவ்வினா ஏட்டோடு நின்றுவிடவில்லை. இன்று சிங்கப்பூர்ப் பொம்மைக் கடைகளில், எட்டு வயதுச் சிறுவரும் இருபது வயது இளைஞரும் அதே வினாவைக் கையில் ஏந்தி நிற்கின்றனர். கையில் இருப்பது மூடிய சிறு பெட்டி. உள்ளே இருக்கும் பொம்மை யாது என்பதே வினா.

தெம்பனிஸ் பெருவிரைவு ரயில் நிலையத்தை அடுத்து தெம்பனிஸ் மால், செஞ்சுரி ஸ்குவேர், தெம்பனிஸ் ஒன் என மூன்று கடைத்தொகுதிகள் உள்ளன. பள்ளி விட்ட மாலையில் இத்தகைய இடங்களின் பொம்மைக் கடைகளுக்குச் செல்வோர் இவ்வழக்கத்தைக் காணலாம். ஒருவர் பெட்டியை உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பார். மற்றொருவர் காதருகே வைத்து மெல்லக் குலுக்குவார். வேறொருவர் விளிம்புகளை விரலால் அழுத்திப் பார்ப்பார். வேண்டியது இதுவே எனத் துணிந்த பின்னரே விலை கொடுப்பார். இச்செயலை வீண் விளையாட்டு என ஒதுக்குவோர் உளர். வஞ்சனை எனப் பழிப்போரும் உளர். இரு கூற்றும் முழுமையான மதிப்பீடாகா. இச்செயலில் நம் அளவை நூல் போற்றும் அறிவு ஒன்று இருக்கிறது. அவ்வறிவுக்கு ஓர் எல்லையும் ஒரு கடமையும் இருக்கின்றன. இவற்றை நம் நூல்களைத் துணையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் பற்றி

கடைகளில் இதன் பெயர் ‘பிளைண்ட் பாக்ஸ்’. இதனைக் ‘குருட்டுப் பெட்டி’ எனச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் பொருந்தாது. பெட்டி குருடன்று, வாங்குவோரும் குருடர் அல்லர். கண் உடையவரிடமிருந்து பொருள் மறைக்கப்படுகிறது என்பதே உண்மை. ‘மர்மப் பெட்டி’ என்போரும் உண்டு. மர்மம் என்ற சொல் விளங்காத புதிர் ஒன்றிருப்பதாக எண்ணச் செய்யும். இங்கே புதிர் ஏதும் இல்லை; விற்பவருடைய தொழிற்சாலை உள்ளே வைத்ததை அறியும், வாங்குபவர் அறியார், அவ்வளவே. ஆதலின் ‘மறைபெட்டி’ என்று இக்கட்டுரையில் வழங்குவோம். மறைப்பவர் ஒருவர் உண்டு என்பதை அச்சொல் நினைவூட்டும்.

மறைபெட்டியின் வரலாறு

ஜப்பானில் காசு போட்டுத் திருகினால் உருண்டைக் கூட்டில் பொம்மை தரும் பொறிகள் பல்லாண்டுகளாக வழக்கில் உள்ளன. அவற்றைப் பண்டாய் நிறுவனம் 1977இல் தன் வணிகமாக ஏற்றுப் பரப்பியது. டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 2010இல் சிறு மனிதப் பொம்மைகளை ஒளிபுகாப் பைகளில் அடைத்து விற்கத் தொடங்கியது. முதல் தொகுதியில் பொம்மைகள் 16. சீனாவின் பாப் மார்ட் நிறுவனம் 2010இல் பெய்ஜிங்கில் வாங் நிங் என்பவரால் தொடங்கப்பட்டது. ஹாங்காங் ஓவியர் கென்னி வோங் படைத்த மோலி என்னும் பொம்மையை 2016இல் மறைபெட்டியில் இட்டு அது பெருவணிகம் கண்டது. 2020 டிசம்பரில் ஹாங்காங் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றது. காசிங் லங் படைத்த லபுபு 2024இல் தென்கிழக்காசியா முழுதும் புகழ் பெற்றதை ஆசிரியர்கள் மாணவரின் புத்தகப் பைகளிலேயே கண்டிருப்பர்.

பாப் மார்ட்டின் வழக்கமான ஒரு தொகுதியில் 12 பொம்மைகள். அவற்றுக்கு அப்பால் ‘மறைவுப் பொம்மை’ ஒன்று உண்டு. அது 144 பெட்டிகளுக்கு ஒன்று என்னும் விகிதத்தில் வைக்கப்படுவது பல தொகுதிகளுக்குப் பொது. அந்த ஒன்றைத் தேடியே குலுக்கலும் கனம் பார்த்தலும் பெரிதும் நிகழ்கின்றன.

லெகோவின் கதை வேறொரு வகையில் நோக்கத்தக்கது. முதல் இரு தொகுதிகளின் பைகளில் அச்சிட்ட பட்டைக் குறி பொம்மைக்குப் பொம்மை வேறுபட்டது. அதை ஒப்பிட்டவர் உள்ளிருப்பதை அறிந்தனர். 2011இல் வந்த மூன்றாம் தொகுதியில் அவ்வேறுபாடு நீக்கப்பட்டது. அப்போது பையின் ஓரத்தில் விரலுக்குத் தட்டுப்படும் சிறு புள்ளிகள் இருந்தன. அவற்றின் அமைப்பைக் குறித்துப் பட்டியலிட்டனர். அதுவும் பின்னர் மறைந்தது. அதன்பின் பையைத் தடவி, உள்ளிருக்கும் வாள், தொப்பி, கேடயம் இவற்றின் வடிவை விரலால் உணர்ந்தனர். 2023இல் பை நீங்கி அட்டைப் பெட்டி வந்தது. தடவும் வழியும் அடைபட்டது. பெட்டியின் புறத்தே அச்சிட்ட சிறு சதுரக் குறியைக் கைப்பேசியால் படித்துப் பொம்மையின் பெயர் கூறும் செயலிகள் பின்னர்த் தோன்றின. ஒவ்வோர் அடையாளமும் மறைக்கப்பட மறைக்கப்பட, மற்றோர் அடையாளத்தைத் தேடிக் கண்டிருக்கின்றனர். ஒரு வாயில் அடைபட்டால் மறு வாயில் தேடும் இவ்வியல்பைத்தான் நம் முன்னோர் அளவை எனப் பெயரிட்டு ஒழுங்கு செய்தனர்.

அளவை நூல் கூறும் வழி

மணிமேகலையின் ‘சமயக்கணக்கர் தந்திறங்கேட்ட காதை’யில் அளவை வாதி பேசுகிறான். வியாசன் பத்து, கிருதகோடி எட்டு, சைமினி ஆறு என அளவைகளை வகுத்த செய்தியைச் சொல்லி, அவற்றை ஒவ்வொன்றாக விளக்குகிறான். காண்டல் முதலாவது; கருதல் இரண்டாவது. மூடிய பெட்டியின் முன் காண்டல் பயன்படாது. ஆகவே கருதலே துணை.

கருதலை அக்காதை பொது, எச்சம், முதல் என மூன்றாக்குகிறது. காட்டினுள் யானையின் ஒலியைக் கேட்டவன், யானையைக் காணாமலே அங்கு யானை உண்டு என உணர்வது முதலாவதற்கு எடுத்துக்காட்டு. ஆற்றில் வெள்ளம் கண்டு மேல்நிலத்தில் மழை பெய்ததை அறிவது எச்சம். கருமுகில் கண்டு மழை வரும் என்பது முதல். பெட்டியைக் குலுக்கி ஓசை கேட்பவர் செய்வது யானையின் ஒலி கேட்டவன் செய்ததே. ஓசை வெளியே, ஓசைக்குரியது உள்ளே. இரண்டையும் இணைப்பது முன்னறிந்த பழக்கம். ஒரு பொம்மையைத் திறந்து கண்டவர்தாம் அடுத்த பெட்டியின் ஓசையைப் பொருள்படக் கேட்க முடியும். யானையை ஒருநாளும் அறியாதவனுக்குக் காட்டின் ஒலி வெறும் ஒலியே.

இனித் தடவி அறிதலை நோக்குவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதி, பொருளின் இயல்பைத் தன்னியல்பு, பொதுவியல்பு என இரண்டாகப் பகுக்கிறது. பிற இனத்திலிருந்து மட்டுமன்றித் தன் இனத்தாரிடமிருந்தும் ஒரு பொருளைப் பிரித்துக் காட்டுவது தன்னியல்பு. பிற இனத்திலிருந்து பிரித்துத் தன் இனத்தோடு ஒன்றுபடுத்துவது பொதுவியல்பு. லெகோ பையைத் தடவுவோர் இவ்வேறுபாட்டைத் தம் விரல்நுனியில் கற்றவர். உடல், கால், தலை ஆகியன எல்லாப் பைகளிலும் ஒருபடித்தாக இருக்கும். அவற்றைத் தொட்டுப் பயனில்லை. ஒரே ஒரு பொம்மைக்கு மட்டும் உரிய கருவி எது, தலைக்கோலம் எது என முன்பே தெரிந்துகொண்டு, அதை மட்டும் தேட வேண்டும். பொதுவை விலக்கிச் சிறப்பை நாடுவதே அறிதலின் இரகசியம் என்பதை இதைவிடத் தெளிவாக எந்த வகுப்பறைப் பாடம் காட்டும்?

மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. கடைத்தட்டில் 12 பெட்டிகள் கொண்ட ஒரு முழுப் பேழை இருக்கிறது, பொம்மைகள் ஒன்றுபோல் மற்றொன்று வாரா, நண்பர்கள் 11 பெட்டிகளை வாங்கித் திறந்துவிட்டனர், எஞ்சியது யாது? பன்னிரண்டாம் பெட்டியைத் தொடாமலே சொல்லிவிடலாம். இதனை மணிமேகலை மீட்சி என்கிறது. சித்தியார் ஒழிபு என்கிறது. இராமன் வென்றான் எனக் கேட்டு இராவணன் தோற்றான் என உணர்வதைச் சாத்தனார் இதற்கு உதாரணமாக வைத்தார். ஆனால் பேழையில் ஒன்றுக்கு மாற்றாக மறைவுப் பொம்மை புகுந்திருக்கலாம் என்ற நிலை வந்தவுடன் இவ்வளவையின் உறுதி தளர்கிறது. இருப்பவை இவையே என முழுதும் எண்ணி வரையறுத்தால்தான் ஒழிபு செல்லும்.

ஏதுப் போலி

கருதல் எங்கே வழுவும் என்பதையும் நம் நூல்கள் சொல்லியிருக்கின்றன. மணிமேகலையின் ‘தவத்திறம் பூண்டு தருமங் கேட்ட காதை’ ஏதுப் போலியை அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூன்றாக்குகிறது. இவற்றுள் அநைகாந்திகம் என்பது ஒரு முடிவுக்கே கட்டுப்படாத ஏது. காட்டப்படும் அடையாளம் வேண்டிய பொருளிலும் இருக்கும், வேண்டாத பொருளிலும் இருக்கும்.

எடை பார்த்தல் பெரும்பாலும் இவ்வகைப் போலியே. ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கையும் காட்டும் சிறு தராசு இன்று மலிவாகக் கிடைக்கிறது. பெட்டியை அதில் வைத்து, இவ்வளவு எடை, ஆதலின் இப்பொம்மை என முடிவு கட்டுகின்றனர். இரு பொம்மைகள் ஒத்த எடையுடையனவாக இருக்கலாம். பெட்டிக்குள் பொம்மை மட்டும் இல்லை. உறையும் அட்டையும் உள்ளன. அட்டையின் தடிப்பும் பசையின் அளவும் பெட்டிக்குப் பெட்டி மாறக்கூடும். பொம்மைகளுக்கிடையே உள்ள வேறுபாடு இம்மாற்றத்தினும் பெரிதாயின் எடை சான்றாகும், சிறிதாயின் ஆகாது. இதை ஆராயாமல் எடை ஒன்றையே நம்புவோர் வீண் செலவு செய்கின்றனர்.

மணிமேகலை அளவைக் குற்றங்களை எட்டாக எண்ணும். அவற்றுள் ஐயம் ஒன்று, தேராது தெளிதல் மற்றொன்று. வெளியில் நிற்பது தறியோ மகனோ எனத் தடுமாறுவது ஐயம். ஆராயாமல் தறியை மகன் எனத் துணிவது தேராது தெளிதல். சாத்தனார் ஐயத்தையும் குற்றமாகவே வைத்தார். எனினும் நடைமுறையில் இரண்டும் ஒத்த தீங்கு செய்வன அல்ல. ஐயப்படுகிறவன் கையை நீட்டாமல் நிற்கிறான். தேராது தெளிந்தவன் செயலில் இறங்கிவிடுகிறான்.

சிலம்பும் ஒரு மூடிய பேழை

தேராது தெளிந்ததன் தீங்கைத் தமிழில் அறிய வேண்டுவோர் சிலப்பதிகாரத்தை நாட வேண்டும். அக்காப்பியம் முழுதும் ஒரு மூடிய பொருளின் உள்ளீட்டைச் சுற்றியே சுழல்கிறது. சிலம்பு உள்ளீடற்ற வளையம் அன்று; பரல்களைத் தன்னுள் அடக்கிய மூடிய கூடு. புறத்தே நோக்கினால் கண்ணகியின் சிலம்பும் கோப்பெருந்தேவியின் சிலம்பும் ஒத்தவை. ஒன்றில் மாணிக்கம், மற்றொன்றில் முத்து.

பொற்கொல்லன் புறத் தோற்றத்தைச் சான்றாக்கினான். அளவை நூல் மொழியிற் சொன்னால், பொதுவியல்பைக் காட்டித் தன்னியல்பு நிறுவப்பட்டதாக நம்பவைத்தான். தன் களவை மறைக்க வேண்டிய தேவை அவனுக்கு இருந்தது. ஆனால் பாண்டியனுக்கு அத்தேவை இல்லை. ‘நின் சிலம்பின் பரல் யாது?’ என்னும் ஒரே வினாவைக் கோவலனிடம் கேட்டிருந்தால் அந்தக் கொலை நிகழ்ந்திராது. அவ்வினா வழக்குரை காதையில்தான் எழுகிறது. கண்ணகி தன் சிலம்பின் உள்ளீடு மாணிக்கம் எனத் தன்னியல்பை எடுத்துரைக்கிறாள், பாண்டியன் எமது முத்துடையது என்கிறான், சிலம்பு உடைகிறது, மணி தெறிக்கிறது. உண்மை வெளிப்பட்டது. ஆனால் உயிர் போன பின்னரே வெளிப்பட்டது. ஆராயாதவன் என்னும் பொருள்பட அவள் அரசனை விளித்த சொல், அரசியற் பிழையை மட்டும் சுட்டவில்லை; அறிதலில் நேர்ந்த பிழையைச் சுட்டுகிறது. இரட்டைக் காப்பியங்களுள் ஒன்று தேராது தெளிதலுக்கு இலக்கணம் கூறிற்று. மற்றொன்று அதற்கு மதுரையையே இலக்கியமாக்கிற்று எனக் கொள்ளலாம்.

பொம்மைப் பெட்டியைச் சிலம்போடு ஒப்பிடுவது சிறியதைப் பெரியதோடு ஒப்பிடுவதாகத் தோன்றலாம். பொருள் சிறிது, அறிவு ஒன்றே. பெட்டியைக் காதருகே கொண்டு செல்லும் சிறுவன், புறத்தோற்றம் ஒத்திருப்பதால் உள்ளீடும் ஒத்திருக்கும் எனக் கொள்ள மறுக்கிறான். உள்ளிருப்பது யாது எனக் கேட்ட பின்னரே கை நீட்டுகிறான். அப்பழக்கம் வளரட்டும் என்பதே நம் வேட்கை.

விடுகதையும் பண்டப் பொதியும்

இனி மறைப்பவரை நோக்குவோம். மறைத்து வைத்துக் கேட்பது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியம் செய்யுளியலில் பிசி என ஒன்றைக் கூறும். அதுவே நம் விடுகதை. கையில் புளியங்கொட்டைகளை மூடிக்கொண்டு ஒற்றையா இரட்டையா எனக் கேட்பதும், மணலில் குச்சியைப் புதைத்துத் தேடச் செய்யும் கிச்சுக்கிச்சுத் தாம்பாளமும் சிறுவர் ஆட்டங்கள். ஆயின் விடுகதைக்கு ஒரு நேர்மை உண்டு. அது பொருளை மறைக்கும், அடையாளத்தை மறைக்காது. கேட்பவன் அடையாளங்களைக் கூட்டிப் பொருளை எய்தலாம். எய்த முடியாத விடுகதையைக் கூறுபவனை நம் பாட்டிமார் மதிக்கமாட்டார்கள். மறைபெட்டியோ பொருளோடு அடையாளத்தையும் சேர்த்து மறைக்கிறது; அடையாளம் ஒன்று தப்பி வெளிப்பட்டால் அடுத்த தொகுதியில் அதையும் மூடிவிடுகிறது. விடை காண வழியில்லாத விடுகதை அது. எடையாலும் ஓசையாலும் தொடுதலாலும் சிறுவர் செய்வது, அந்தப் பெட்டியை மீண்டும் நேர்மையான விடுகதையாக்கும் முயற்சியே.

வணிகத்திலும் நம் மரபு வேறு. சிலப்பதிகாரம் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகாரின் வெள்ளிடை மன்றத்தைக் காட்டுகிறது. அங்கே பண்டப் பொதிகள் அடுக்கிக் கிடக்கும். பூட்டும் இல்லை, காவலரும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பொதியின் மேலும் உரியவர் பெயரும், கண்ணெழுத்தும், எண்ணும் இருக்கும். பொதி மூடியிருந்தது; அதன் செய்தி மூடியிருக்கவில்லை. பட்டினப்பாலை, சோழரின் புலி இலச்சினை இட்ட பின்னரே பண்டங்கள் துறைமுகத்தினின்று வெளிச் சென்றதைக் காட்டும். அந்த இலச்சினையும் எண்ணி அறியப்பட்டது என்பதற்குச் சான்று. இன்றைய பட்டைக் குறி அக்கண்ணெழுத்தின் வழித்தோன்றல் எனலாம். 2011இல் லெகோ பையிலிருந்து அகற்றப்பட்டது அந்தக் கண்ணெழுத்தே. முத்திரை அன்று நம்பிக்கைக்கு உறுதி. இன்று அறியாமைக்கு உறுதி. இம்மாற்றமே திறனாய்வுக்குரியது.

இதற்கு மறுப்பு ஒன்று உண்டு. அறியாமல் திறக்கும்போது எழும் வியப்பே இன்பம்; முன்பே அறிந்துவிட்டால் அவ்வின்பம் கெடும் என்பர். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மருட்கை பிறக்கும் நிலைக்களன்களாகக் கூறுபவை நான்கு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். இந்நான்கும் பொருளின்கண் உள்ளவை. மறைப்பு அவற்றுள் ஒன்றன்று. விரல் அளவுப் பொம்மையில் நுண்ணிய தொழில் வேலைப்பாட்டைக் கண்டு வியப்பது சிறுமை பற்றிய மருட்கை. நூறு முறை கண்டாலும் அது குறையாது. மறைப்பினால் மட்டும் எழுந்த பரபரப்போ, பெட்டி திறந்த நொடியில் தீர்ந்துவிடுகிறது. அதனாலேதான் அடுத்த பெட்டி தேவைப்படுகிறது. நீடிக்கும் வியப்பு கலைஞர் தந்தது. தீர்ந்துபோவது வணிகர் தந்தது. கென்னி வோங்கின் படைப்பைத் திறந்த கண்ணாடிப் பேழையில் வைத்து விற்றாலும் அதன் அழகு ஒரு சிறிதும் குறையப்போவதில்லை.

டிக்கமும் கணக்கும்

சிங்கப்பூரில் முந்தைய தலைமுறையினர் ‘டிக்கம்’ ஆட்டத்தை மறந்திருக்க மாட்டார்கள். மலாய்ச் சொல்லான ‘திக்காம்’ குத்துதலையும் குறிக்கும். குறிப்பின்றி ஊகித்தலையும் குறிக்கும். மாமா கடை என நாம் அழைத்த சிறு கடைகளில், பலவற்றை நடத்தியவர் தமிழ் முஸ்லிம்களே, அட்டை ஒன்றில் மடித்த சீட்டுகள் வரிசையாக ஒட்டியிருக்கும். ஐந்து காசு, பத்துக் காசு கொடுத்து ஒன்றைப் பிய்த்தால் உள்ளே எண். எண்ணுக்குரிய பரிசு கடையில் தொங்கும்.

டிக்கத்தையும் மறைபெட்டியையும் ஒன்றென்பது எளிது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. டிக்கத்தில் பரிசுகள் எல்லாம் கண்முன் தொங்கின. எஞ்சிய சீட்டுகளையும் எண்ணலாம். பெரும்பரிசு இன்னும் இருக்கிறது, சீட்டுகள் குறைந்துவிட்டன எனக் கண்ட சிறுவன், இப்போது பிய்ப்பது மேல் எனக் கணக்கிட முடிந்தது. ஒழிபளவை அங்கே ஐந்து காசுக்குக் கற்பிக்கப்பட்டது. மறைபெட்டியில் 144இல் ஒன்று என்னும் விகிதம் அச்சிட்டிருக்கும். எந்த 144 என்பது தெரியாது. தெம்பனிஸ் கடையில் இருக்கும் 144 பெட்டிகளுள் ஒன்று எனக் கொள்வது தேராது தெளிதல். தனித்தனியே கலந்து எடுக்கப்பட்ட 144 பெட்டிகளை ஒருவர் வாங்கினாலும், அரும்பொம்மை ஒன்றேனும் கிடைக்காமற்போகும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் சிறிது மிகுதி.

பன்னிரண்டு பொம்மைகளையும் சேர்ப்பதற்கும் கணக்கு உண்டு. ஒவ்வொன்றும் சம வாய்ப்புடையது, பெட்டிகள் நன்கு கலந்தவை எனக் கொண்டால், பன்னிரண்டும் சேரச் சராசரியாக 37 பெட்டிகள் வாங்க வேண்டியிருக்கும். பெட்டி ஒன்று 15 வெள்ளி என வைத்துக்கொண்டால் பன்னிரண்டின் விலை 180 வெள்ளி. அறியாமல் சேர்ப்பதற்கு ஆவது 555 வெள்ளி. இடையிலுள்ள 375 வெள்ளி அறியாமையின் விலை. பெட்டியைக் குலுக்குவோர் அவ்விலையைக் குறைக்கவே முயல்கின்றனர். ஒரே பேழையில் அடைத்த முழுத் தொகுதியைப் பங்கிட்டு வாங்கும் நண்பர்களும் இதே கணக்கை வேறு வழியில் தீர்த்தவர்களே.

அரசுகளும் இதைக் கவனித்துள்ளன. சிங்கப்பூரில் மர்மப் பெட்டிகளை விற்ற தானியங்கிப் பொறிகள் பொதுக் குலுக்கலுக்கு ஒப்பானவை எனக் காவல்துறை 2018இல் கருதி அவற்றை நிறுத்தச் சொல்லிற்று. சீனா 2023இல் வெளியிட்ட வழிகாட்டி, எட்டு வயதுக்குக் குறைந்த சிறுவர்க்கு மறைபெட்டி விற்கலாகாது என்றது. அதற்கு மேற்பட்ட சிறுவர்க்கு விற்கப் பெற்றோர் இசைவு வேண்டும் என்றது. சட்டம் வயதை வரையறுக்கலாம். கருதும் ஆற்றலைத் தருவது கல்வியின் பணி.

அறிந்தவன் கடமை

குலுக்கி அறிவதை இதுவரை போற்றினோம். அதன் மறுபுறத்தையும் சொல்லாவிடில் திறனாய்வு ஒருதலையாகும்.

ஒருவர் ஒரு தட்டிலுள்ள பெட்டிகள் அனைத்தையும் ஆராய்ந்து அரியதை எடுத்துச் சென்றுவிட்டார் எனக் கொள்வோம். மீந்தவை முன்போலவே மூடியிருக்கின்றன. முத்திரை குலையவில்லை. அடுத்து வரும் சிறுமி அச்சிட்ட விகிதத்தை நம்பி வாங்குகிறாள். அவளுக்கு அவ்விகிதம் பொய். 144இல் ஒன்று என்பது, எவரும் தேர்ந்தெடுக்காத பெட்டி கைக்கு வரும்போது மட்டுமே உண்மை. தேர்ந்தெடுத்துக் கழித்தவற்றுள் அரும்பொம்மைக்கு வாய்ப்பு மிகக் குறைவு. தேர்ந்தவர் வல்லவராயின் இல்லவே இல்லை. ஆகவே மூடியிருப்பது வேறு, ஆராயப்படாதது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வதே மறைபெட்டிச் சந்தையில் நிகழும் பெரும் ஏமாற்றத்துக்கு வேர். தராசில் நிறுத்துக் கழித்த பெட்டிகளை ‘பிரிக்காதவை’ எனச் சொல்லி மறுவிற்பனை செய்பவர், சொல்லால் மெய் கூறிப் பொருளால் பொய் கூறுகிறார். பொற்கொல்லனும் ஒத்த தோற்றம் என்னும் மெய்யைக் கொண்டுதான் பொய்யை நிறுவினான்.

ஆகவே இதில் எல்லை வகுக்கலாம். தனக்கெனக் கைக்கு எட்டிய பெட்டியைக் கண்ணாலும் காதாலும் கையாலும் ஆராய்வது அறிவு. முத்திரையைக் குலைப்பதும், அழுத்தி நசுக்குவதும் பிறர் பொருளுக்குச் செய்யும் தீங்கு. ஆராய்ந்து கழித்ததை ஆராயாததாக விற்பது வஞ்சனை. முதலாவதை மூன்றாவதோடு சேர்த்து ஒரே சொல்லால் பழிப்பதும் ஏதுப் போலியே. அறிந்தவன் தான் அறிந்ததை மறைத்து விற்கும் கணத்தில், முன்பு விற்பவரிடம் கண்ட குற்றம் அவனிடமே வந்து சேர்கிறது.

ஆசிரியர்க்கு ஒரு சொல்

அளவை இயலைத் தமிழ் வகுப்பில் கற்பிக்க இயலாது, அது புலவர்க்கு உரியது என்னும் எண்ணம் நம்மிடையே உண்டு. மணிமேகலையின் 27, 29ஆம் காதைகளைக் கதைப்போக்கிற்கு இடையூறு எனக் கருதித் தாண்டிச் செல்வதும் வழக்கம். அக்காதைகளுக்கு இன்று மாணவர் கையிலேயே உரை இருக்கிறது. காசு செலவிட வேண்டுவதில்லை. ஓர் அட்டைப் பெட்டியில் சோழியையோ சாவியையோ மிளகையோ இட்டு ஒட்டி வகுப்பில் சுற்றவிடலாம். ஒவ்வொரு மாணவரும் உள்ளிருப்பது யாது என்பதோடு, அதற்கு ஏது யாது என்பதையும் தமிழில் ஒரு தொடராகக் கூறட்டும். ‘கனமாக இருக்கிறது, ஆதலின் சாவி’ என ஒருவர் சொன்னால், கனமான பிற பொருள் இல்லையா எனக் கேட்கட்டும் மற்றவர். பொதுவியல்பும் தன்னியல்பும் அவ்வாறு கேட்கும்போதே விளங்கிவிடும். ‘ஐயமாக இருக்கிறது, இன்னும் துணியவில்லை’ என ஒருவர் சொன்னால் அவ்விடையையும் மதிப்பெண்ணுக்கு உரியதாகக் கொள்ள வேண்டும். துணியத் தக்க சான்று வருமளவும் துணியாதிருப்பதும் கல்வியே.

அதன் பின்னர் வழக்குரை காதையைப் பாடம் நடத்தினால், சிலம்பு ஏன் உடைக்கப்பட்டது என்று மாணவர் கேட்கமாட்டார். அது உடையும் முன்னரே பரல் யாது என ஒருவரும் ஏன் கேட்கவில்லை என்றே கேட்பார். அவ்வினாவைக் கேட்கத் தெரிந்த தலைமுறை, விற்பவர் எதனை மறைக்கிறார், எவருக்காக மறைக்கிறார் என்பதையும் கேட்கும். மூடிய பெட்டிகள் பொம்மைக் கடையோடு முடிவதில்லை. இணையத்தில் வரும் சலுகைகளும், கையொப்பம் கேட்கும் ஒப்பந்தங்களும், தேர்தற் பேச்சுகளும் புறத்தே ஒத்த தோற்றமும் அகத்தே வேறு பரலும் உடையனவாக வருகின்றன. திருவள்ளுவர் தெரிந்து தெளிதலுக்கு ஓர் அதிகாரமே வகுத்ததும் இதன் அருமை கருதியே.